சனிக்கிழமை மினுக்கம்

சனிக்கிழமை காலையில் தூசியைப் பற்றி யோசிக்காத ஒரு பெண் கொட்டாஞ்சேனையில் இருக்கிறாள் என்றால், அவள் வீட்டில் மரத் தளபாடம் இல்லை என்று அர்த்தம். அல்லது மச்சாள் இல்லை. ஷெரோமிக்கு இரண்டும் இருந்தன.

அதனால்தான் ஸமீம் நானாவின் ஹார்ட்வெயார் கடையில், பெயின்ட் டின்களுக்கும் ஆணிப் பெட்டிகளுக்கும் நடுவே, மினுக்குச் சாமான்கள் அடுக்கிய தட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு போத்தல். வாங்க எடுத்ததல்ல, திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்தது.

போன சனிக்கிழமை நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஷெரோமியின் மாமனார் நிக்கலஸ் கப்பல் வருகிற ஹாபரில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். முட்டு வருத்தக்காரர், அதாவது ஆஸ்துமா. மூச்சு இழுக்கத் தொடங்கினால் வீட்டில் மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும். இரவுகளில் வந்து பழகின அந்த இழுப்பு கொஞ்சக் காலமாகச் சனிக்கிழமைப் பகல்களிலும் வருகிறது. ஷெரோமி தளபாடம் துடைத்து மினுக்குகிற நாள் சனிக்கிழமை. வெள்ளவத்தையிலிருந்து மச்சாள் மாக்ரெட் தகப்பனைப் பார்க்க வருகிற நாளும் அதே சனிக்கிழமை.

போன கிழமை மாக்ரெட் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன நாத்தம் இது? மனுசனைக் கொல்லப் போறியா?" என்று கேட்டாள். கேட்டதோடு நிற்கவில்லை. "அடுத்த சனிக்கிழமையும் டடா இழுத்துக்கொண்டிருந்தா நான் கூட்டிக்கொண்டு போயிடுவன். பிறெடிக்கும் சொல்லிப்போட்டன்" என்று தீர்ப்பும் வாசித்துவிட்டுப் போனாள். பிறெடி என்பது ஷெரோமியின் கணவன், மாக்ரெட்டின் தம்பி. அக்கா சொன்னால் தலையாட்டி, மனைவி சொன்னாலும் தலையாட்டி, இரண்டு பக்கமும் நல்ல பெயர் எடுக்காதவன்.

அந்த அடுத்த சனிக்கிழமை விடிந்துவிட்டது.

அதோடு இன்று இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒக்டோபர், செபமாலை மாதம். கோயில் பங்கில் வீடு வீடாகப் போகும் மாதா சொரூபம் இன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்கு வருகிறது. ஓர் இரவு தங்கி, நாளைப் பின்னேரம் அடுத்த வீட்டுக்கு வெளிக்கிடும். ஒழுங்கையில் இருக்கிற எல்லா வீட்டுச் சனமும் வந்து ஹோலுக்குள் முழங்காலில் நிற்கும். மாதாவை வைக்கிற சாப்பாட்டு மேசை மங்கிப்போய்க் கிடந்தால் யாருடைய மானம் போகும்? பிறெடியுடையதா? நல்ல கதை.

"என்ன தங்கச்சி, இதுவும் சரிவரல்லயா?" என்றார் ஸமீம் நானா.

"இல்லை நானா. இதுவும் மணக்குதாம். மாமாவுக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

ஷெரோமி இந்தத் தட்டில் இருந்த எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்துவிட்டாள். முதலில் அடிக்கிற ஸ்பிரே. அதை அடித்தபோது மேசையை விட நிலம்தான் கூட மினுங்கியது, பிறெடி வழுக்கி விழப் பார்த்தான். பிறகு எலுமிச்சைப் படம் போட்ட போத்தல். பிறகு சப்பாத்துப் பொலிஷ் மாதிரி டின்னில் வருகிற கிறீம். கடைசியில், வாசமே இல்லாதது வேண்டும் என்று கேட்டு வாங்கிய இந்தப் போத்தல். ஒவ்வொன்றுக்கும் மாக்ரெட் மூக்கைப் பொத்தினாள். ஒவ்வொன்றுக்கும் கிழவருக்கு இழுத்தது. தன் மூக்கை நம்பலாம் என்றால், கொரோனா வந்து போனதிலிருந்து ஷெரோமியின் மூக்கு முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். கறி அடிப்பிடித்தாலும் கண்ணால் பார்த்தே அறிகிறவள்.

ஸமீம் நானா மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். இன்னொருமுறை நன்றாக இழுத்து மோந்தார்.

"இதில எந்த வாசமும் இல்லயே தங்கச்சி. தண்ணி மாதிரி ஈக்கி. ஆரு மணக்குதெண்டு செல்ற?"

"மச்சாள்."

"ஆ..." என்றார். அந்த 'ஆ'வில் அவருக்கும் மச்சாள்மார் இருப்பது தெரிந்தது. பிறகு போத்தலை வெளிச்சத்துக்குப் பிடித்தார். "நிரப்பி வெச்ச மாதிரியே ஈக்கே. இதால மேசைய மட்டுமா தொடச்ச?"

"மேசை, கண்ணாடி அலுமாரி, கதிரையெல்லாம்."

"இந்தச் சொட்டுக்கு எல்லாம் மினுங்கினதா?"

"முகம் பார்க்கிற மாதிரி மினுங்கினது நானா! ஒருக்காத்தான் துடைச்சன். ஒபிஸில எல்லாருக்கும் சொன்னன், நல்ல சாமான், வாங்குங்க எண்டு."

ஸமீம் நானா சிரித்தார். "வித்தவன் நானே செல்லக் கூடாது. ஆனா தங்கச்சி, இது பொலிஷ் இல்ல. தூசி எடுக்கிறதுக்கு மட்டுந்தான். இந்தா, போத்தல்லயே எழுதியீக்கி. இதால மினுங்க ஏலாது."

ஷெரோமி போத்தலை வாங்கி வாசித்தாள். கணக்கு வேலை செய்கிறவள், கொள்ளுப்பிட்டி ஒபிஸில் நாள் முழுக்க மற்றவர்களின் பிழைகளைப் பிடிக்கிறவள், வீட்டுக்கு வாங்கின போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றுதான் பார்க்கிறாள். அலுத்துப்போன மனுசிக்கு எழுத்துப் பார்க்க நேரம் எங்கே?

ஆனால் தலைக்குள் ஒன்று மெல்ல ஓடத் தொடங்கியது. ஸ்பிரே அடித்தபோதும் அதே மினுக்கம். எலுமிச்சைக்கும் அதே. கிறீமுக்கும் அதே. மினுக்காத சாமானுக்கும் அதே மினுக்கம். மாக்ரெட் சொன்ன நாத்தமும் ஒருமுறையாவது மாறவில்லை. தான் வாங்கியதுதான் கிழமைக்குக் கிழமை மாறியது.

"நானா, நெஞ்சு வருத்தக்காரர் இருக்கிற வீட்டுக்கு எதுதான் நல்லம்?"

"உண்மையச் செல்லவா? இந்தத் தட்டுல ஈக்கிற ஒண்டும் வாணாம். சீலைய நனச்சு இறுக்கிப் பிழிஞ்சு தொடைங்க. பொறகு காஞ்ச சீலையால ஒருக்காத் தொடைங்க. முடிஞ்சுது." பெருமூச்சு விட்டார். "எனக்குத்தான் நட்டம்."

அவள் இரண்டு மெல்லிய துணிகள் மட்டும் வாங்கினாள். வழக்கமாக அங்கிருந்து சந்தைக்குப் போவாள். மீன், மரக்கறி, பேச்சு, பேரம் என்று எல்லாம் முடித்து வீடு திரும்ப வெயில் ஏறிவிடும். இன்று சந்தைப் பக்கம் திரும்பவில்லை. பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு நேரே வீட்டுக்கு நடந்தாள்.

கேற்றைச் சத்தமில்லாமல் திறந்தாள். ஏன் சத்தமில்லாமல் திறக்கிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

ஹோலில் நிக்கலஸ் பெனியனும் சாரமுமாகச் சாப்பாட்டு மேசை மேல் குனிந்து நின்றார். கையில் பழைய பெனியன் துணியைச் சுருட்டிப் பிடித்திருந்தார். நாலு தேய்ப்புத் தேய்ப்பார். பிறகு இரண்டு கையையும் மேசையில் ஊன்றி நிற்பார். தோள் ஏறி இறங்கும். மூச்சு கொஞ்சம் படிந்ததும் மறுபடி தேய்ப்பார். மேசையின் ஒரு பாதி ஏற்கனவே பளபளத்தது. பக்கத்துக் கதிரையில் ஒரு பால்மா டின்.

ஷெரோமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே கால் வைத்தாள்.

"டடா."

அவர் துள்ளித் திரும்பினார். திரும்பிய வேகத்தில் டின்னை எடுத்துக் கதிரைக்குக் கீழே வைத்து, காலால் உள்ளே தள்ளினார். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் கள்ள வேலை.

"நீ சந்தைக்குப் போகேல்லையா மகள்?"

"என்ன அது?"

"ஒண்டுமில்லை."

அவள் குனிந்து டின்னை எடுத்தாள். உள்ளே மஞ்சளாக, களி மாதிரி ஒன்று. மூக்குக்குக் கிட்டப் பிடித்தாள். ஒன்றும் தெரியவில்லை.

"மெழுகுதிரித் துண்டுதான். கோயில்ல எரிஞ்சு மிஞ்சினது" என்றார் நிக்கலஸ் தரையைப் பார்த்தபடி. "அதை உருக்கி டர்பன்டைன் விட்டுக் கலக்கினது. அருள்நாயகி இருக்கேக்க அப்படித்தான் செய்யிறவ."

அருள்நாயகி என்பது காலமான மாமி. அவரைப் பற்றி இப்போது கேட்க ஷெரோமிக்கு மனமில்லை.

"டர்பன்டைனா? பெயின்ட் மணமே ஆகாதெண்டு டொக்டர் சொன்னதை நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்க?"

"கேட்டனான்."

"எவ்வளவு நாளா டடா?"

"மாக்ரெட் விரலால தடவிப் பார்த்தாளே. அண்டையிலயிருந்து."

ஷெரோமிக்கு அந்த நாள் நினைவு வந்தது. மாக்ரெட் கண்ணாடி அலுமாரியின் மேல்தட்டை ஒரு விரலால் இழுத்து, அந்த விரலை எல்லோருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினாள். பிறெடி பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொண்டான். கிழவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"நீ விடிய எழும்பிச் சமைக்கிறாய். பஸ்ஸில நிண்டு ஒபிஸ் போய், பஸ்ஸில நிண்டு வாறாய். வந்து என்ர உடுப்பையும் தோய்க்கிறாய். ஹாபருக்குப் போற லொறியெல்லாம் எங்கட ஜன்னலுக்குள்ளதான் தூசியைக் கொட்டுது, அதுக்கு நீ என்ன செய்யிறது? நீ சந்தைக்குப் போய் வாறதுக்கிடையில நான் பூசிவிட்டா, நீ வந்து ஒருக்காத் துடைச்சாக் காணும். மாக்ரெட்டும் வாய் திறக்கமாட்டாள்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "நீயும் சந்தோசப்பட்டாய்தானே. ஒரு துடை, எப்படி மினுங்குது பாருங்க டடா எண்டு."

ஆமாம், அவள்தான் சொன்னாள். ஒவ்வொரு புதுச் சாமானுக்கும் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் கதிரையில் இழுத்துக்கொண்டே, "ஓம் மகள், நல்ல சாமான்" என்றார்.

"மாக்ரெட்டுக்குச் சொல்லாத" என்றார் மெல்ல. "இனித் தொடமாட்டன். வெள்ளவத்தையில அஞ்சாம் மாடி. லிஃப்ட் வேலை செய்தாத்தான் கீழ இறங்கலாம். கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம் டடா எண்டு சொல்றாள். கடல் நான் ஹாபரில பார்த்தது காணும். எனக்குப் பின்னேரம் கோயில் வாசலில நாலு பேரோட கதைச்சாத்தான் நாள் போகும்."

இந்த இடத்தில் ஷெரோமி அழுதாள், கிழவரின் கையைப் பிடித்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் நடந்தது அதுவல்ல. அவளுக்கு வந்தது கோபம். அந்தக் கோபத்துக்கும் பெரிய பலமில்லை. களைத்துப் போனவர்களுக்கு வருகிற கோபம், குரல்கூட உயராமல் வந்தது.

"நீங்க எனக்கு உதவி செய்யேல்லை டடா. வேலை வைச்சிருக்கிறீங்க. உங்களுக்கு இழுக்கத் தொடங்கினா இரவு முழுக்க முழிச்சிருக்கிறது ஆர்? பிறெடியா? மாக்ரெட் அக்காவா? மெஷினைப் போட்டு, முதுகைத் தடவி, விடிய எழும்பி ஒபிஸ் போறது ஆர்? ஒவ்வொரு கிழமையும் நாத்தம் நாத்தமெண்டு ஏச்சு வாங்கினது ஆர்?"

"நான் அதை யோசிக்கேல்லை மகள்."

"எனக்கு ஏலாம இருக்கு டடா. உண்மையா ஏலாம இருக்கு. சில நேரம் நினைக்கிறன், மாக்ரெட் அக்கா கூட்டிக்கொண்டு போனாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு கிழமையாவது நித்திரை கிடைக்கும் எண்டு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதில் விழுந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம்கூடச் சொல்லாத விசயம் அது. பல இரவு அந்த நினைப்பு வந்திருக்கிறது, ஒவ்வொரு இரவும் அதை விரட்டிவிட்டு அவருக்குச் சுடுதண்ணி வைத்துக் கொடுத்திருக்கிறாள். இன்று விரட்ட மறந்துபோனாள்.

நிக்கலஸ் கதிரையில் உட்கார்ந்தார். "சரிதான் மகள்" என்றார். கோபிக்கவில்லை. அடுத்த சொல்லுக்கு வாய் திறந்தவருக்கு மூச்சு வரவில்லை.

பிறகு எல்லாம் பழகின வேலை. அவரைக் கைத்தாங்கலாக அறைக்குள் கொண்டுபோய் நெபுலைசரை முடுக்கி, முகமூடியை மாட்டி, முதுகைத் தடவினாள். மெஷின் உறுமியது. முகமூடிக்கு மேலே அவருடைய கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. 'நான் அப்படி நினைச்சுச் சொல்லேல்லை டடா' என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் நினைத்துத்தானே சொன்னாள்? பொய் சொல்லவும் தெம்பு வேண்டும்.

இழுப்பு அடங்கி அவர் கண்ணயர்ந்ததும் ஹோலுக்கு வந்தாள். ஸமீம் நானா சொன்னபடி துணியை நனைத்து இறுக்கிப் பிழிந்து மேசையைத் துடைத்தாள். காய்ந்த துணியால் துடைத்தாள். மெழுகு லேசில் போகவில்லை. ஜன்னல்களைத் திறந்து, மின்விசிறியைச் சுழலவிட்டாள். மணம் வெளியே போனதோ என்னவோ, ஒரு கன்டெய்னர் லொறி போய் அரை ஒழுங்கையின் தூசியை உள்ளே அனுப்பியது. மறுபடி துடைத்தாள். மணம் போய்விட்டதா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாதே.

பிறெடி கோயில் மண்டபத்திலிருந்து கதிரைகளைத் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினான். முதல் கதிரையோடு உள்ளே வந்தவன் நின்றுவிட்டான்.

"என்ன மணம் இது?"

"இன்னும் மணக்குதா?"

"வாசல் வரைக்கும் அடிக்குது ஷெரோமி. இண்டைக்குமா? அக்கா போன கிழமை சொன்னதைக் கேட்டுக்கொண்டுதானே நிண்டாய்?"

உண்மை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் ஒரு நொடியில் அவள் தலைக்கு மேல் இருந்த பழி இறங்கியிருக்கும். அறை வாசல் திரை அசைந்தது. காற்றா, கிழவர் எழும்பிவிட்டாரா என்று தெரியவில்லை.

"ஒரு புது டின் வாங்கினன். பிழைச்சுப் போச்சு" என்றாள். "டடாவுக்கு இழுத்தது. இப்ப பரவாயில்லை."

பிறெடி கதிரையைக் கீழே வைத்துவிட்டு அதிலேயே உட்கார்ந்தான். "இனி நான் அக்காவுக்கு என்ன சொல்லுறது?" என்றான். அவனுடைய கவலை அவனுக்கு.

மாக்ரெட் பின்னேரம் வந்தாள். மாதாவுக்கு மல்லிகை மாலை, வருகிறவர்களுக்குப் பட்டர் கேக், தகப்பனுக்குப் புது பெனியன் என்று கை நிறையப் பொதிகள். நியாயமாகச் சொல்ல வேண்டும், மாக்ரெட் பொல்லாதவள் இல்லை. தாயைக் கடைசிவரை பார்த்தவள் அவள்தான். அந்தக் கடைசி நாட்களில் அம்மாவுக்குத் தான் இன்னும் நேரத்தோடு மருந்து கொடுத்திருந்தால் என்ற எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. அதுதான் மற்றவர்களின் வீட்டில் விரலை வைக்கச் சொல்கிறது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மூக்குச் சுருங்கியது. நேரே குசினிக்குப் போனாள். சிங்குக்குப் பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த முகமூடியைப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"டடாவுக்கு மெஷின் போட்டியா?"

"ஓம் அக்கா."

"அப்ப, சொல்லியும் கேட்கேல்லை."

"என்ர பிழைதான்."

"படிச்ச பிள்ளை நீ. ஒரு மனுசன்ர மூச்சை விட இந்த மேசை பெரிசா உனக்கு? மாதா வாறதெண்டா மாதா என்ன மேசையையா பார்க்கப் போறா?" மாக்ரெட் பட்டர் கேக்கைக் கதிரையில் வைத்தாள். "அம்மா போனது காணாதா? சரி, கதை முடிஞ்சுது. டடாட உடுப்பை எடுத்து வை. செபம் முடிய நான் கூட்டிக்கொண்டு போறன்."

ஷெரோமி தலைகுனிந்து நின்றாள். திருப்பிச் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அந்தக் கிழவர் கையை ஊன்றி ஊன்றி மூச்சு வாங்கித் தேய்த்ததைக் கண்ட கண், வாயைத் திறக்க விடவில்லை.

"அவளை ஏசாத மாக்ரெட்."

நிக்கலஸ் அறை வாசலில் நின்றார். செபத்துக்கென்று வெள்ளைச் சேட் போட்டு, சீப்பால் தலை இழுத்திருந்தார்.

"அவள் ஒண்டும் பூசேல்லை. நான்தான் பூசினனான். போன கிழமையும் நான்தான். அதுக்கு முதலும் நான்தான். டர்பன்டைனும் மெழுகும். அவளுக்கு மணம் தெரியாதெண்டதால இவ்வளவு நாளும் ஓடிச்சுது."

"நீங்களா?" என்றாள் மாக்ரெட். "உங்களுக்கென்ன பைத்தியமா டடா? ஏன்?"

"நீ விரலால தடவி அவளுக்குக் காட்டினாயே. எனக்கு அதைப் பார்க்க ஏலாமப் போச்சு."

மாக்ரெட்டின் முகம் கறுத்தது. கையிலிருந்த மல்லிகை மாலையை மேசையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள், எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள்.

"நான் அப்படி நினைச்சுச் செய்யேல்லை" என்றாள் கடைசியில். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. பிறகு ஷெரோமியைப் பார்த்தாள். "நீயாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாமே."

பிறெடி இன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியான நேரத்தில் சரியான வசனம் பேசினான். "அப்ப பிரச்சினை முடிஞ்சுதுதானே அக்கா. அந்த டின்னை நான் இப்பவே வெளியில போடுறன். டடா இனித் தொடமாட்டார். மினுக்கவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். டடா இங்கேயே இருக்கட்டும்."

மாக்ரெட் தகப்பனையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓம்" என்றாள். "அப்படியெண்டா இருக்கட்டும். நான் இனிப் பேசேல்லை."

ஒழுங்கை முனையில் பாட்டுச் சத்தம் கேட்டது. சொரூபம் வெளிக்கிட்டுவிட்டது. பிறெடி மெழுகுதிரி எடுக்கத் திரும்பினான். ஷெரோமி கதிரைகளை வரிசையாக இழுத்து வைக்கத் தொடங்கினாள். கிழவர் ஆசைப்பட்டது நடந்துவிட்டது, அவர் எங்கேயும் போகத் தேவையில்லை. இன்று இரவும் மெஷின், நாளை இரவும் மெஷின், நாளை மறுநாள் விடிய ஒபிஸ் பஸ். சரி. அது இருக்கட்டும்.

"இல்லை மாக்ரெட்" என்றார் நிக்கலஸ். "நான் வாறன் உன்னோட. நாளைக்கு மாதா வெளிக்கிடேக்க நானும் வெளிக்கிடுறன்."

பிறெடி திரும்பி வந்தான். "ஏன் டடா? அக்காவே சரியெண்டு சொல்லிட்டாதானே?"

"மகளோடயும் கொஞ்ச நாள் இருக்கத்தானே வேணும்."

"நீங்க இந்த வீட்டை விட்டு வேற இடத்தில ஒரு இரவும் தங்கினதில்லையே. என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கேல்லை."

அவர் ஷெரோமியைப் பார்க்கவில்லை. சேட்டின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். பொத்தான் ஓட்டைக்குள் போகாமல் வழுக்கியது. மாக்ரெட் கிட்டப் போய்ப் போட்டுவிட்டாள்.

பிறெடி மனைவியைப் பார்த்தான். அவனுக்குக் காலையில் நடந்தது தெரியாது. ஆனால் தகப்பனை நிறுத்த இந்த வீட்டில் ஒருத்தியால்தான் முடியும் என்று தெரியும். 'போக வேண்டாம் டடா' என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும். மாக்ரெட்டும் அவளைத்தான் பார்த்தாள். கிழவர் மட்டும் பார்க்கவில்லை, ஆனால் அவருடைய கை, மாக்ரெட் போட்டுவிட்ட பொத்தானிலேயே நின்றுவிட்டது. அவரும் காத்திருந்தார்.

ஷெரோமிக்கு முதலில் வந்தது நிம்மதி. வெட்கத்தை விட்டுச் சொல்வதென்றால், உடம்பு முழுக்க நிம்மதி. நாளை இரவு படுத்தால் விடியும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள் என்ற எண்ணம்தான் முதலில் ஓடிவந்தது. அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது. எது முதலில் வந்தது என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் போலிருந்தது.

பாட்டு கேற்றடிக்கு வந்துவிட்டது. யாரோ மணி அடித்தார்கள்.

"டடா" என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போங்க."

அவருடைய கை பொத்தானிலிருந்து இறங்கியது.

"ஓம் மகள்" என்றார் நிக்கலஸ். "சாப்பிட்டிட்டுப் போறன்." சொல்லிவிட்டு, மாதாவை எதிர்கொள்ள வாசலை நோக்கி மெல்ல நடந்தார். மாக்ரெட் மாலையோடு பின்னால் போனாள். பிறெடி மட்டும் பற்றவைக்காத மெழுகுதிரியைப் பிடித்தபடி அங்கேயே நின்று, இவளை இன்றுதான் முதல்முறை பார்ப்பவனைப் போல மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.